ஸ்தோயா சுமந்த அசதி

டான்யூப் ஆற்றுக்குத் தெற்கே, ஓக் மரக் காடு முடிந்து தினை வயல் தொடங்குகிற இடத்தில், க்ருஷா என்றொரு ஊர் இருந்தது. பல்கேரிய நாட்டை யார் ஆள்கிறார் என்பது அந்த ஊருக்கு எப்போதும் ஒரு வருஷம் தாமதமாகத்தான் தெரியும், ஏனென்றால் எந்த அரசன் வந்தாலும் மலைமேல் கோட்டையில் அதே பிரபுதான் இருந்தார், ஆற்றுக்கு அப்பாலிருந்து அதே குதிரைக்காரர்கள்தான் கொள்ளைக்கு வந்தார்கள், அவர்கள் வரும்போதெல்லாம் கோட்டைக் கதவும் அதேபோலச் சாத்திக்கொண்டது. அந்த ஊரில் பன்றி மேய்த்துக்கொண்டிருந்தான் வெல்கான். அவன் மனைவி ஸ்தோயா. அவளுக்கு முன்னால் பிறந்த மூன்று குழந்தைகளும் தொட்டிலோடு போய்விட்டதால், இதுவாவது நிற்கட்டும் என்று வேண்டி, 'நிற்பவள்' என்று பொருள்படும் அந்தப் பெயரை வைத்திருந்தார்கள்.

குதிரைக்காரர்கள் அந்த வசந்தத்தில் மூன்றாவது முறையாக வந்துபோன பிறகு, ஊர் செத்தவர்களுக்காக மூன்று நாள் குழி தோண்டியது. நான்காம் நாள் காலையில், தேவாலயத்தின் எரிந்த சுவருக்குப் பக்கத்தில் ஆண்கள் அறுபத்து மூன்று பேர் மண்வெட்டிகளைப் போட்டுவிட்டுக் கிடந்தார்கள். ஸ்தோயா பெரிய கொப்பரையில் தினைக் கஞ்சி காய்ச்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். வெல்கான் கஞ்சியை வாங்கவில்லை. நின்றபடியே சொன்னான்:

"கோட்டைக்குப் போகலாம். கதவைத் திறங்கன்னு கெஞ்சறதுக்கு இல்லை. கதவைப் பேத்து எடுத்துட்டு வர்றதுக்கு."

யாரும் மறுக்கவில்லை. யாரும் எழுந்திருக்கவும் இல்லை. கொல்லன் பொகோய்தான் வாயைத் திறந்தான். இரும்படித்து அடித்து வலது மணிக்கட்டு இடதைப்போல இரண்டு மடங்கு பருத்தவன் அவன். "நீ சொல்றது நியாயம்தான் வெல்கான். ஆனா எந்திரிக்க முடியலையே. உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. இன்னைக்குன்னு பாத்து ஒரு புரட்சி செய்யச் சொல்றியே."

அப்போது ஸ்தோயா, கிணற்றடியில் ஒருத்தி இன்னொருத்தியிடம் மூட்டையைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்வதுபோல, அகப்பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னாள்: "அசதியை என்கிட்ட வச்சுட்டுப் போங்களேன். வர்ற வரைக்கும் நான் பாத்துக்கறேன்."

பொகோய் சிரித்தான். பிறகு தவழ்ந்தாற்போல வந்து அவள் முன்னால் நின்று, தோளைத் தளர்த்தினான். நிமிர்ந்தபோது அவன் முதுகு புதுத்துணிபோல விறைப்பாக இருந்தது. ஸ்தோயாவின் முழங்கால் லேசாக மடங்கியது, அவ்வளவுதான். அடுத்தவன் வந்தான். அதற்கடுத்தவன் வந்தான். இருபதாவது ஆளுக்கு அவள் அகப்பையைக் கீழே வைத்தாள், நாற்பதாவது ஆளுக்குச் சுவரில் சாய்ந்தாள், அறுபதாவது ஆளுக்குத் தரையில் உட்கார்ந்தாள். கடைசியாக வெல்கான் வந்தான்.

"உன்னால முடியுமா?"

"சாயங்காலம் வந்துருவ இல்ல?"

"வந்துருவேன்."

வந்தது மூன்று வருஷம் கழித்து.

அன்று மாலைக்குள் மலைக்கோட்டைக் கதவு கழன்றது. மறுநாள் அதற்கடுத்த கோட்டை. அசதி இல்லாத அறுபத்து மூன்று பேரை யார் என்ன செய்ய முடியும்? அவர்கள் பகலெல்லாம் நடந்து இரவெல்லாம் நடந்து விடிகாலையில் சண்டை போட்டார்கள், பிரபுக்களின் வீரர்கள் கவசத்தைக் கழற்றிவைத்துக் கொட்டாவி விடும்போதெல்லாம் அவர்கள் வந்து நின்றார்கள். வழியில் சேர்ந்தவர்களின் அசதியும், சேர்ந்த முதல் நாளே அவர்களைவிட்டுக் கிளம்பி, வயலையும் ஓடையையும் தாண்டி க்ருஷாவுக்கு வந்துவிட்டது. அறுநூறு பேர் ஆனார்கள், ஆறாயிரம் பேர் ஆனார்கள். இலையுதிர் காலத்தில் ஆற்றுக்கு அப்பாலிருந்து வந்த குதிரைக்காரர்களை ஆற்றுக்குள்ளேயே திருப்பியடித்தார்கள். அந்த முறை க்ருஷாவில் யாருக்கும் குழி தோண்டவில்லை என்பதை எல்லோரும் ஸ்தோயாவின் காதருகே குனிந்து சொன்னார்கள். அவள் கண் இமையை ஒரு முறை அசைத்தாள்.

ஊர் அவளுக்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொண்டது. முதல் வாரம் கட்டில் கால் முறிந்தது, ஓக் மரத்தில் புதிதாகச் செய்தார்கள். அது தரைக்குள் இறங்கத் தொடங்கியதும், ஆற்றங்கரையிலிருந்து தட்டைக் கல் கொண்டுவந்து பரப்பினார்கள். பொகோயின் மனைவி தோன்கா, வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்தாள்: ஒரு வீடு கஞ்சி ஊட்ட, ஒரு வீடு தலை வார, ஒரு வீடு நான்கு பேராகச் சேர்ந்து புரட்டிப் படுக்க வைக்க. வெல்கானின் பன்றிகள் காட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டு அவள் ஜன்னலுக்கு வெளியே வரிசையாகப் படுத்துத் தூங்கின. அந்த வீட்டுக்கு மேலே பறந்த நாரைகள் கூரையில் இறங்கி, ஒரு காலை மடக்கி, இரண்டு நாள் நின்றுவிட்டுப் போயின. மடாலயத்திலிருந்து நிக்கோன் என்ற துறவியை அனுப்பினார்கள், இது கடவுள் செயலா பேயின் செயலா என்று விசாரித்து வரும்படி. அவர் முக்காலியைப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "மகளே," என்று தொடங்கினார். அதோடு தூங்கிப்போனார். மூன்றாம் நாள் எழுந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, தீர்ப்பு எதுவும் சொல்லாமல் கழுதையில் ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு மடாலயம் விசாரிக்கவில்லை.

முதலில் வந்தது படையின் அசதி மட்டும்தான். அறுவடை நாளில் தோன்கா தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "ஸ்தோயாக்கா, ஆம்பளைங்க யாரும் இல்லை. கதிர் சாயுது. ஒரே ஒரு நாளைக்கு எங்களோடதையும் வச்சுக்கறியா?" ஸ்தோயா வேண்டாம் என்று சொல்லவில்லை, சொல்வதற்கு நாக்கைத் தூக்க வேண்டியிருந்தது. பெண்கள் நான்கே நாளில் ஊர் முழுக்க அறுத்து முடித்தார்கள். அப்புறம் நூல் நூற்கும் அசதி, ஆட்டுக்கு உப்பு தூக்கும் அசதி, பிள்ளை பெற்ற அசதி என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒவ்வொருத்தியும் கொஞ்சம்தான் வைத்தாள்.

அப்படியாக க்ருஷாவில் யாரும் உட்காருவதில்லை என்று ஆனது. அறுவடை முடிந்து களத்தில் உட்கார்ந்து பாடுகிற பாட்டுகள், உட்கார ஆள் இல்லாததால், பாடப்படவில்லை. தாய்மார்கள் நின்றபடியே பால் கொடுத்தார்கள். உட்காராத ஊரில் மடி ஏது? மடி தேடிய குழந்தைகள் தாமாகவே ஸ்தோயாவின் வீட்டுக்குத் தவழ்ந்து வந்து, அவள் கட்டிலில் தொற்றி ஏறி, அவள்மேல் படுத்துக்கொண்டன. சில நாள் ஒன்பது குழந்தைகள் இருக்கும். அவற்றின் எடை அவளுக்குத் தெரியவே இல்லை.

இரண்டாம் வருஷக் கடைசியில் வெல்கான் தலைநகருக்குள் நுழைந்தான் என்று செய்தி வந்தது. பழைய அரசன் போரில் செத்தான். வெல்கானுக்கு முடிசூட்டினார்கள். முடிசூட்டிய அதே வாரத்தில், பிரபுக்களைச் சமாதானப்படுத்துவதற்காக, விதவையாகிவிட்ட ராணியை அவன் மணந்துகொண்டான் என்பதைச் செய்தி கொண்டுவந்தவன் வேறு பக்கம் பார்த்தபடி சொன்னான். ஊருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பாலாடைக்கட்டி கொண்டுவந்து ஸ்தோயாவின் தலைமாட்டில் வைத்தார்கள். முப்பத்தொன்று சேர்ந்தது. அவள் அழ நினைத்தாள். ஆனால் அழுகைக்கு மார்பு ஏறி இறங்க வேண்டும், அவள் மார்பின்மேல் அப்போது பதினோராயிரம் பேர் இருந்தார்கள்.

படுத்தபடியே அவள் அசதிகளைப் பிரித்தறியக் கற்றிருந்தாள். நடந்த அசதி பாதத்தில் தொடங்கி முழங்காலில் வந்து உட்காரும். காவல் நின்ற அசதி கண்ணுக்குப் பின்னால் மணலாகச் சேரும். பயந்த அசதி அடிவயிற்றில். பொகோயின் அசதி வந்தால் வலது மணிக்கட்டு மட்டும் தனியாகக் கனக்கும், அப்போது அவள் கண்ணால் தோன்காவைக் கூப்பிட்டு, மூச்சோடு மூச்சாகச் சொல்வாள்: "நல்லா இருக்கான்." தோன்கா அந்த மணிக்கட்டைத் தன் கன்னத்தில் வைத்துக்கொள்வாள்.

மூன்றாம் வருஷ இலையுதிர் காலத்தில் புது அசதி ஒன்று வந்தது. வலது தோளில் தொடங்கி விரல் நுனிவரை போனது. மரம் வெட்டியதாக இருக்குமோ என்று பார்த்தாள், இல்லை. சண்டையாக இருக்குமோ என்று பார்த்தாள். சண்டையில் கை ஓங்கும், தடைபடும், பின்வாங்கும். இது கதிரடிக்கிற கைபோலச் சீராக ஏறி இறங்கிய கை. எதிர்ப்பே இல்லாத எதையோ அடித்த கை. நான்கு நாள் அவள் அதை நினைத்துக்கொண்டே கிடந்தாள்.

ஐந்தாம் நாள், கிழக்கே இருந்த ஓரேஷா என்ற ஊரிலிருந்து மாலினா என்ற பெண் நடந்து வந்தாள். முகத்தின் ஒரு பக்கம் கத்தரிப்பூ நிறத்தில் வீங்கியிருந்தது. அன்றைக்குக் கஞ்சி ஊட்டும் முறை தோன்காவுடையது. வந்தவளுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தாள்.

"அரசரோட ஆளுங்க வந்தாங்க," என்றாள் மாலினா. "படைக்குத் தானியம் வேணும்னாங்க. விதைக்கு வச்சதைத் தவிர ஒண்ணும் இல்லைன்னோம். அதைக் கேட்டாங்க. ஒளிச்சு வச்சோம். காலையில ஆரம்பிச்சு மத்தியானம் வரைக்கும் அடிச்சாங்க. நிறுத்தவே இல்லை. மனுஷன்னா நடுவுல கொஞ்சம் களைச்சுப் போவான் இல்லையா? இவங்க களைக்கவே இல்லை. அப்புறம் களஞ்சியத்துக்குத் தீ வச்சாங்க."

ஸ்தோயா பேசினாள். அந்த வீட்டில் அவள் குரலைக் கேட்டே பல மாதம் ஆகியிருந்தது. "உன்னை அடிச்சவன் எந்தக் கையால அடிச்சான்?"

"வலது கையால. மணிக்கட்டு இவ்வளவு தடியா இருந்துச்சு, கொல்லன் மாதிரி."

தோன்காவின் கையிலிருந்த கரண்டி நின்றது.

"தெரியும்," என்றாள் ஸ்தோயா. "எனக்கு இன்னும் வலிக்குது."

அதற்கடுத்த வாரம் வெல்கானே வந்தான். இருநூறு குதிரைகளோடும், எட்டு எருது பூட்டிய பெரிய வண்டியோடும் வந்தான். ஊர் வரிசையாக நின்றது. ஊதா அங்கியோடு அவன் தன் பழைய வீட்டுக்குள் குனிந்து நுழைந்தான். கிளம்பிப்போன அன்றைக்கு எப்படி இருந்தானோ அப்படியே இருந்தான். முகத்தில் ஒரு கோடு கூடக் கூடவில்லை. கட்டிலில் கிடந்தவளுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது.

"ஸ்தோயா," என்றான். உட்காரவில்லை. "உன்னைத் தலைநகரத்துக்குக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன். அங்க மருத்துவர்கள் இருக்காங்க, பளிங்குத் தரை இருக்கு. படையில பசங்க அங்கங்க கொட்டாவி விட ஆரம்பிச்சிருக்காங்க. உனக்கு உடம்பு தாங்கலையோன்னு தோணிச்சு."

"ஓரேஷாவுல என்ன பண்ணினீங்க?"

அவன் ஜன்னலைப் பார்த்தான். "தெற்கே பிரபுக்கள் படை திரட்டறாங்க. சாப்பாடு இல்லாம எப்படிச் சண்டை போடறது? இன்னும் ஒரே ஒரு மலை, ஸ்தோயா. அதைத் தாண்டிட்டா முடிஞ்சுது."

"உன் ஆளுங்களை வீட்டுக்கு அனுப்பு."

"அனுப்பினா பழையபடி பிரபுக்கள்தான் வருவாங்க. கோட்டையில உக்காந்துக்கிட்டுக் கதவைச் சாத்துவாங்க. உனக்கே தெரியும்."

அது உண்மைதான், அவளுக்கும் தெரியும். ஜன்னலுக்கு வெளியே பன்றி ஒன்று புரண்டு படுத்தது.

"வெல்கான்," என்றாள். "நீ ஓரேஷாவுல இருந்தியா?"

"இருந்தேன்."

"பாத்துக்கிட்டா?"

"குதிரை மேல."

"அடிச்சப்ப நிறுத்தணும்னு தோணலையா?"

அவன் பொய் சொல்கிறவன் இல்லை. "இல்லை," என்றான். "தோணவே இல்லை. எப்பத் தோணும்? ராத்திரி படுத்துத் தலையைச் சாய்ச்சாத்தானே ஒண்ணு தோணும். நான் படுத்தே மூணு வருஷம் ஆச்சு."

ஸ்தோயா வலது கையை ஊன்றினாள். நான்கு பேர் புரட்டிக்கொண்டிருந்த உடம்பு. அது எழுந்து உட்கார்ந்தபோது கட்டிலின் கீழே கல் ஒன்று வெடித்தது. "என்னால பூரா ஊரையும் தூக்க முடிஞ்சுது," என்றாள். "இதைத் தூக்க முடியலை. எடுத்துக்கிட்டுப் போயிடுங்க." இரண்டு காலையும் தரையில் வைத்து எழுந்து நின்றாள்.

முதலில் போனது வெல்கானுடையதுதான். அவன் எதையோ சொல்ல வாயெடுத்தான். சொல்லாமலே முன்பக்கமாகச் சரிந்து, அவள் எழுந்த சூட்டோடு இருந்த கட்டிலில் விழுந்தான். அவள் ஒரு அடி எடுத்துவைத்தாள். வெளியே இருநூறு குதிரைகளிலிருந்தும் ஆட்கள் தானிய மூட்டைபோலச் சரிந்தார்கள். வாசலைத் தாண்டினாள், க்ருஷாவின் பெண்கள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார்கள், உட்கார்ந்ததும் மடிகள் உண்டாயின, குழந்தைகள் ஓடின. அவள் கிணறுவரை நடந்தாள், தேவாலயம்வரை நடந்தாள். ஒவ்வோர் அடிக்கும் எங்கெங்கோ சாலையில், பாலத்தில், கோட்டைச் சுவரில், யார் யாரோ ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டுப் படுத்தார்கள். மூன்று வருஷத்து அசதி அது. ஒன்பது நாள் யாராலும் கண் திறக்க முடியவில்லை.

அந்த ஒன்பது நாளில் பிரபுக்கள் ஒரு அம்புகூட எய்யாமல் தலைநகரைத் திரும்பப் பிடித்தார்கள். சுவரில் தூங்கியவர்களில் நாற்பத்தேழு பேரைத் தூக்கத்திலேயே கொன்றார்கள். பிறகு கொல்கிறவர்களுக்கே கை வரவில்லையாம், மிச்சம் பேரைச் சாலையோரமாக உருட்டிவிட்டார்களாம். அந்த நாற்பத்தேழு பேரில் பொகோய் இருந்தான்.

செய்தி வந்த அன்று தோன்கா, ஸ்தோயாவின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"உனக்குத் தெரியும்ல, நீ எந்திரிச்சா அவன் செத்துருவான்னு?"

"செத்துருவான்னு தெரியாது. சாகலாம்னு தெரியும்."

"தெரிஞ்சும் எந்திரிச்ச."

"எந்திரிச்சேன்."

"நானும்தான் அந்த மணிக்கட்டை மூணு வருஷம் கன்னத்துல வச்சுக்கிட்டிருந்தேன்," என்றாள் தோன்கா. "அது அடிச்ச அடிக்கு நான் என்ன செய்யட்டும், சொல்லு." பதிலுக்கு அவள் நிற்கவில்லை. அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் இருபத்தாறு வருஷம் ஒரே ஊரில் இருந்தார்கள், ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்தார்கள். தோன்கா ஸ்தோயாவோடு மறுபடி பேசவே இல்லை.

வெல்கானோடு வந்த இருநூறு பேரும் எழுந்து அவரவர் வீட்டுக்குப் போன பிறகு, பிரபுவின் வீரர்கள் அவனைத் தேடி க்ருஷாவுக்கும் வந்தார்கள். ஊதா அங்கியைக் குட்டி போட்டிருந்த பன்றிக்குக் கீழே விரித்துவிட்டிருந்தாள் ஸ்தோயா. தலைவன் கட்டிலைப் பார்த்தான். வாய் பிளந்து, எச்சில் வழிய, விரல்கள் உள்நோக்கி மடங்க ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

"யார் இது?"

"என் புருஷன். பன்னி மேய்க்கிறவன்."

"எவ்வளவு நாளா இப்படி?"

"இருபது நாள் ஆச்சு."

தலைவன் குனிந்து அந்த முகத்தை நெடுநேரம் பார்த்தான். மூன்று வருஷத்துக் கோடுகளும் அந்த இருபது நாளில் அதில் வந்திருந்தன. "அரசனா இருந்தவன் இப்படி அசந்து தூங்க மாட்டான்," என்று தன் ஆட்களிடம் சொல்லிவிட்டுப் போனான். போகும்போது அவனும் ஒரு கொட்டாவி விட்டான்.

மலைக்கோட்டைக்குப் புதுக் கதவு போட்டார்கள். மறு வசந்தத்தில் குதிரைக்காரர்கள் வந்தபோது அது சாத்திக்கொண்டது. வெல்கான் சொன்னது அப்படியே நடந்தது. அதை அவனிடம் யாரும் மறைக்கவும் இல்லை. அதற்கு முன்பு, எல்லோருக்கும் கடைசியாக, நாற்பதாம் நாள் அவன் கண் திறந்து தண்ணீர் கேட்டபோது, ஸ்தோயா கட்டிலோரம் உட்கார்ந்து, தலைநகர் போனதை, நாற்பத்தேழு பேரை, ஒவ்வொரு பேராக, அவர்கள் அசதி தன் உடம்பில் எங்கே இருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னாள். சொல்லி முடிக்க மத்தியானம் ஆயிற்று.

"என்மேல கோபமா?" என்று கேட்டாள்.

"தெரியலை," என்றான். "கோபப்பட இன்னும் தெம்பு வரலை." பிறகு, "ராணி விஷயத்துல உனக்கு?" என்றான்.

"எனக்கும் வரலை. வரும்போது சொல்றேன்."

அந்தக் கோபம் வந்தது. ஒரு குளிர்காலம் முழுக்க இருந்தது. அது அவர்கள் வீட்டு விஷயம்.

பனி உருகியதும் இரண்டு பேரும் ஓரேஷாவுக்கு நடந்து போனார்கள். ஒரு நாள் நடை, அவர்களுக்கு மூன்று நாள் ஆயிற்று, ஏனென்றால் அடிக்கடி உட்கார வேண்டியிருந்தது. எரிந்த களஞ்சியத்தின் அடித்தளம் கரிந்தபடியே இருந்தது. யாரையும் கேட்காமல் வெல்கான் கரியை வாரிக் கொட்டினான், ஓடையிலிருந்து கல் சுமந்து வந்தான், ஸ்தோயா வைக்கோலும் களிமண்ணும் சேர்த்து மிதித்தாள். ஊர்க்காரர்கள் வேலைக்குப் போகிறபோதும் வருகிறபோதும் பார்த்தார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. மத்தியான வெயிலில் அவன் கல்லைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து, தான் குதிரை மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்த இடத்தையே பார்ப்பான். பிறகு எழுந்து அடுத்த கல்லைத் தூக்குவான்.

ஏழாம் நாள் மாலினா வந்து நின்றாள். முகத்தின் வீக்கம் வற்றியிருந்தது, ஒரு கண் மட்டும் முழுதாகத் திறக்கவில்லை. சுவர் அவள் இடுப்புயரத்துக்கு வந்திருந்தது. அவள் அதைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். ஸ்தோயா மிதிப்பதை நிறுத்தினாள்.

"நீதானே அவன்?" என்று வெல்கானிடம் கேட்டாள் மாலினா.

"நான்தான்."

அவள் அவனைப் பார்த்தாள், அவன் கையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். காட்டுப் பக்கமிருந்து குயில் கூவியது, நின்றது, மறுபடி கூவியது.

"அந்த மூணாவது வரிசை கோணலா போகுது," என்றாள் மாலினா. "பிரிச்சுட்டு மறுபடி வை."

வெல்கான் முட்டி போட்டு உட்கார்ந்து, மேலே இருந்த கல்லை முதலில் எடுத்தான்.